கழுகு பெஞ்சும் புறா பெஞ்சும்

இப்போதெல்லாம் ஜனங்கள் எதையும் லேசில் நம்புவதில்லை. ரொம்ப விவரமாகிவிட்டார்கள். "சாமி வந்து சொல்லுச்சு" என்றால் சிரிக்கிறார்கள். "ஜோசியர் சொன்னார்" என்றால் "எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். அதே சங்கதியை "ஆய்வு சொல்லுது" என்று சொல்லிப் பாருங்கள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். யார் ஆய்ந்தது, எங்கே ஆய்ந்தது, எதை ஆய்ந்தது என்று ஒரு ஆள் கேட்கமாட்டான். கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமாம்.

சாமிக்கண்ணுவுக்கு அந்தப் பயம் கிடையாது. அவர் நிஜமாகவே படிக்காதவர். மூன்றாம் வகுப்பில் பாதி வரைக்கும் போனார். மீதிப் பாதியில் வாத்தியார் வரவில்லை, இவரும் வரவில்லை. இப்போது எழுபத்திரண்டு வயது. ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் முந்திரிக் கொட்டகையில் மூட்டை எடை போடுகிறார். ஊர்ப் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுவோம். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை அவர் நம்பமாட்டார், கண்டக்டரைக் கேட்பார். கண்டக்டர் சொன்னதையும் நம்பமாட்டார், பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்பார். அவரும் ஆமாம் என்றால் மூன்று பேரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்களோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் இருக்கிற ஊருக்குத்தான் டாக்டர் மதிவதனன் வந்து சேர்ந்தார்.

அவராக வரவில்லை. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் காசிநாதன்தான் கூட்டிக்கொண்டு வந்தார். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'கல்வி ஆய்வுப் பகிர்வு மாநாடு' என்று நடந்தது. காசிநாதன் போனார். போகும்போது வெறுங்கை. வரும்போது தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், தலைக்குள் ஒரு ஆய்வு.

"ஆய்வுங்கிறது புஸ்தகத்துக்குள்ளயே தூங்கக் கூடாது. அதை எழுப்பி வகுப்பறைக்குக் கூட்டிட்டு வரணும்" என்று காலைக் கூட்டத்தில் முழங்கினார்.

எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்த ஆய்வு இதுதான்: பிள்ளைகளின் விரல் ரேகையில் அவர்கள் மூளை எழுதியிருக்கிறது. ரேகையை மிஷினில் வைத்தால் அந்தப் பிள்ளை கழுகா, மயிலா, புறாவா என்று தெரிந்துவிடும். கழுகு என்றால் கலெக்டர், டாக்டர், எஞ்சினியர். மயில் என்றால் பாட்டு, நாட்டியம், டி.வி. புறா என்றால் கைத்தொழில், சேவை, பொறுமை. முப்பத்திரண்டு பக்கத்தில் வழவழவென்று கலர் அறிக்கை. தலைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

முதல் முகாமுக்கு வந்த கூட்டத்தைப் பார்க்கவேண்டுமே! உடையார்பாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோ. வரதராஜன்பேட்டையிலிருந்து வேன். இடுப்பில் இருந்த கைக்குழந்தையின் சுண்டுவிரலையும் விட்டுவைக்கவில்லை. பேச்சு வராத குழந்தைக்கு 'சிறந்த பேச்சாளர்' என்று அறிக்கை வந்தது. அதன் அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

சாமிக்கண்ணு தூரத்தில் நின்று டாக்டரைப் பார்த்தார். கோட்டு, டை, சட்டைப்பையில் மூன்று பேனா.

"இவரு எதுக்கு டாக்டரு? காச்சலுக்கா, பல்லுக்கா?" என்று டீக்கடை மணிவேலைக் கேட்டார்.

"ஆய்வுக்குண்ணே."

"கையப் பாத்துப் பலன் சொல்றான். எங்க அப்பன் காலத்துல குடுகுடுப்பைக்காரன் இதைத்தான் சொன்னான். பழைய சட்டை கேட்டு வாங்கிட்டுப் போனான். இவன் புதுச் சட்டை போட்டுட்டு வந்திருக்கான்."

"அது மூடநம்பிக்கைண்ணே. இது சயின்ஸு."

"என்ன வித்தியாசம்?"

மணிவேல் யோசித்தான். "பிரிண்ட் போட்டுத் தராங்கல்ல?" என்றான்.

அறிக்கை வந்த மறுவாரமே காசிநாதன் ஆய்வை நடைமுறைப்படுத்திவிட்டார். வகுப்புக்கு வகுப்பு பெஞ்சைப் பிரித்தார். முன்னால் கழுகு பெஞ்சு, அதற்கு மட்டும் மின்விசிறி. நடுவில் மயில் பெஞ்சு. கடைசியில், கதவோரம், புறா பெஞ்சு. கழுகுகள் கணக்குப் போடும். மயில்கள் ஆடும். புறாக்கள் பொறுமையாக இருக்கும். அதுதானே அவற்றின் குணம்! கரும்பலகை துடைக்க, தண்ணீர்க் குடம் தூக்க, கழுகுகளின் செருப்பை வரிசையாக அடுக்கப் புறாக்கள்தான். அதற்குச் 'சேவைப் பண்பு வளர்ச்சிப் பயிற்சி' என்று பெயர் வைத்தார்.

ஊர் கிறுகிறுத்துப் போனது. குழாயடியில் பெண்கள் பறவைப் பாஷையில்தான் பேசிக்கொண்டார்கள்.

"ஒங்க வூட்டுக் கழுகு எந்திரிச்சாச்சா?"

"எங்கக்கா, ஏழு மணி வரைக்கும் தூங்குது. எழுப்பவும் பயமா இருக்கு, நாளைக்குக் கலெக்டரு பாருங்க."

அரிசி மில்காரரின் மகன் கழுகு. மூன்று வாய்ப்பாட்டில் ஐந்துக்கு மேல் போகமாட்டான். "கழுகு ஒசரத்துல பறக்கும், கீழ இருக்கிற சின்னக் கணக்கெல்லாம் அதுக்குக் கண்ணுல படாது" என்று டாக்டர் விளக்கினார். அப்பா நெகிழ்ந்துபோய் இன்னொரு ஐயாயிரத்தைக் 'கழுகுச் சிறப்புப் பயிற்சி'க்குக் கட்டினார்.

இந்தக் கூத்தில் மயங்காத இன்னொரு ஆள் கணக்கு டீச்சர் குல்சும். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. ஜெயங்கொண்டத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவரிடமும் ஒரு ஆய்வு இருந்தது. நான்கு பக்கம், ஜெராக்ஸ். ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவைத்து ஒரு வருடமாகிறது. காசிநாதன் ஒரு தரம் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல கலர்ப் படமே இல்லியே டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்மேல் யாரோ சத்துணவுப் பட்டியலை ஒட்டினார்கள்.

இதெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கை பூங்குழலி வரைக்கும்தான்.

பூங்குழலி எட்டாம் வகுப்பு. அவள் அம்மா தேவயானி கொட்டகையில் முந்திரிக் கொட்டை உடைக்கிறவள். அப்பா இல்லை. ஆட்டுக்குட்டி ஒன்றை விற்றுத்தான் தேவயானி அந்த ஆயிரத்து இருநூறைக் கட்டினாள். பூங்குழலிக்குப் புறா வந்தது. பதினான்காம் பக்கத்தில் 'எண் திறன் குறைவு. கைத்தொழில் உகந்தது' என்று அச்சடித்திருந்தது.

எண் திறன் குறைவா! போன மாசியில் கொட்டை வாங்க வந்த பண்ருட்டி வியாபாரி ஒருவர் தராசைப் பார்த்துக்கொண்டே மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ கழிவு, முப்பத்தேழு மூட்டைக்கு நாற்பத்தெட்டுக் கிலோ என்று வாய்க்கு வந்ததைச் சொன்னபோது, அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த இந்தப் பெண், தூக்குவாளியைக் கீழே வைக்காமலேயே, "அம்பத்தஞ்சரைங்க. ஒங்களுக்குத்தான் நட்டம்" என்றாள். வியாபாரி ஆடிப்போனார். தனக்கு நட்டமாகப் பொய்க்கணக்குச் சொன்ன மனிதர் அன்றைக்கு டீ வாங்கிக்கொடுத்தார். சாமிக்கண்ணுவுக்கு அவள்மேல் பாசம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் தராசு பொய் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. தேறினால் பன்னிரண்டாவது வரைக்கும் மாதாமாதம் பணம் வரும். அந்தப் பணம் வந்தால் பூங்குழலி படிப்பாள். வராவிட்டால் வருகிற சித்திரையோடு கொட்டகைக்கு வருவாள். விண்ணப்பம் அனுப்பத் திங்கட்கிழமை கடைசி நாள். காசிநாதன் ஒட்டிய பட்டியலில் இருபத்து மூன்று பிள்ளைகளில் ஒன்பது பெயர்தான் இருந்தது. அத்தனையும் கழுகு.

"ஆய்வுப்படி புறாக்கள் அந்தத் தேர்வை எழுதினா மனசு ஒடைஞ்சுபோவும். நாம குழந்தைங்க மனசையும் பாக்கணும்ல?" என்றார்.

தேவயானி அழவில்லை. அதுதான் சாமிக்கண்ணுவுக்கு எரிச்சலாக இருந்தது. ஓட்டு எண்ணெய் கையைச் சுடாமல் இருக்கச் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு கொட்டையை உடைத்தபடியே சொன்னாள்: "மிஷினே சொல்லிடுச்சு மாமா. நான் என்ன பண்றது? அவளுக்கு ஒரு கட்டை போட்டு எம் பக்கத்துல ஒக்கார வச்சிக்கிறேன்."

"மிஷினு சொன்னா கெணத்துல குதிப்பியா?"

"ஆய்வு மாமா."

"அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத. வாயைக் கழுவு."

புதன்கிழமை ரேஷன் கடை. தேவயானிக்குப் பின்னால் சாமிக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் ரேகை வைக்கும் மிஷினை நீட்டினார். தேவயானி கட்டைவிரலை வைத்தாள். மிஷின் 'கீ' என்றது. ஆள்காட்டி விரல். 'கீ'. இடது கை. 'கீ, கீ, கீ.'

"ஒன்னோட இதே ரோதனையாப் போச்சும்மா. கொட்டை ஒடைக்கிற பொம்பளைங்க யாருக்குமே ரேகை இல்ல. கொட்டை ஓட்டுல இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டுத் தோலையே தின்னுபுடுது. இங்க பாரு, வழுக்கைத் தலை மாதிரி இருக்கு. பேருக்காச்சும் ஒரு கோடு வேணுமில்ல?" என்றார் கடைக்காரர். அப்புறம் கண்ணைப் படம்பிடிக்கும் கருவியைத் தேடி எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

சாமிக்கண்ணு அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கறுப்புப் படிந்த பத்து விரல். ஒரு கோடு இல்லை. சர்க்கார் மிஷினே கைவிரித்துவிட்ட கை.

அவர் பத்தடி நடந்தார். நின்றார். தனக்குத் தெரிந்த கழுகுகளை விரல்விட்டு எண்ணினார். மில்காரர் மகன். சிமெண்டு கம்பெனி சூப்பர்வைசர் மகள். சிங்கப்பூர்க்காரர் வீட்டு இரட்டையர். உரக்கடைக்காரர் பேரன். மயில்கள்: சங்கத்து கிளார்க் பிள்ளை, வேன் டிரைவர் பிள்ளை. புறாக்கள்: கொட்டை உடைக்கிறவள் மகள், களை எடுக்கிறவள் மகன், களை எடுக்கிறவள் இன்னொரு மகன்.

"இவன் ரேகையப் பாத்துச் சொல்லல. வேட்டியப் பாத்துல்ல சொல்லியிருக்கான்!" என்றார் உரக்க. ரோட்டில் போன ஆடு திரும்பிப் பார்த்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் 'ஆய்வு நடைமுறை வெற்றி விழா'. பந்தல், மைக், நெற்றியில் கழுகு ஒட்டிய குழந்தைகளின் வரவேற்பு நடனம். டாக்டர் மதிவதனன் மேடையில் ஏறினார். அன்றைக்கு முதல் ஐம்பது பேருக்கு இலவசப் பரிசோதனை என்று அறிவித்தார். பந்தல் ஒரு பக்கமாகச் சாய்கிற அளவுக்குக் கைதட்டல். மேடை ஓரத்தில் ஒரு பச்சைத் திரை. திரையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. திரைக்குப் பின்னால் மிஷின், லேப்டாப், பிரிண்டர், அவற்றோடு வீரமணி என்ற டெக்னீஷியன்.

"எதற்கு இந்தத் திரை? ஏழை பணக்காரன், கறுப்பு சிவப்பு, ஆண் பெண் எதையும் எங்கள் ஆய்வு பார்க்காது! முகத்தைப் பார்க்கமாட்டோம்! விரல் மட்டும்! இதற்குப் பெயர்தான் விஞ்ஞானம்!" என்று டாக்டர் கையை விரித்தார்.

"அப்படி வா வழிக்கு" என்றார் சாமிக்கண்ணு.

பரிசோதனைப் படிவம் நிரப்புகிற மேசையில் குல்சும் டீச்சரை உட்காரவைத்திருந்தார்கள். கணக்கு டீச்சருக்கு ஆய்வு விழாவில் கிடைத்த வேலை அதுதான். பெயர், வயது, அப்பா தொழில். சாமிக்கண்ணு தேவயானியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, எனக்கு எழுத வராது. மூணு படிவம் எழுதணும்."

"யாருக்குங்க?"

"மொதல்ல எழுதும்மா. பேரு தேவிகா. வயசு பதிமூணு. அப்பா தொழிலு அரிசி மில்லு ஓனரு."

குல்சும் எழுதினார்.

"ரெண்டாவது. பேரு தேவயானி. வயசு பதிமூணு. அப்பா தொழிலு கொட்டை ஒடைக்கிறது."

குல்சும் நிமிர்ந்து தேவயானியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். பேனா நின்றது. மெதுவாக உதட்டோரம் ஒரு சிரிப்பு கிளம்பியது.

"மூணாவதுங்க?"

சாமிக்கண்ணு மடியிலிருந்து ஒரு முழு முந்திரிக் கொட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "பேரு கொட்டையப்பன். வயசு பதிமூணு. அப்பா நகைக்கடை."

"யா அல்லாஹ்!" என்று குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் கையெழுத்து ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

திரையின் ஓட்டைக்குள் முதல் படிவம் போனது. பின்னாலேயே தேவயானியின் கை போனது. உள்ளே வீரமணி செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "அமுக்கு. எடு. அடுத்த வெரலு. அமுக்கு. எடு" என்று தலை தூக்காமலேயே பத்து விரலையும் முடித்தான். மிஷினில் பச்சை விளக்கு பத்துத் தரம் பளிச் பளிச் என்றது. ஒரு தரமும் 'கீ' என்று சொல்லவில்லை. பிரிண்டர் கடகடத்தது. இரண்டாவது படிவம், அதே கை. பத்து பளிச். மூன்றாவது படிவத்துக்குச் சாமிக்கண்ணு தானே கையை நுழைத்து முந்திரிக் கொட்டையைக் கண்ணாடிமேல் வைத்து அமுக்கினார். எடுத்தார். திருப்பி அமுக்கினார். அதையும் பத்துத் தரம். பத்தும் பச்சை.

"கை ரொம்பச் சின்னதா இருக்கு தம்பி, நல்லாச் சாப்பிடு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து வீரமணியின் குரல்.

அறிக்கைகளை மைக்கில் வாசிப்பது காசிநாதனின் பாக்கியம். முதல் அறிக்கையைப் பிரித்தவர் துள்ளினார்.

"கழுகு! அபூர்வக் கழுகு! பெயர் தேவிகா. 'பத்து விரலிலும் நுண்ணிய சுழிகள். இவ்வளவு தெளிவான ரேகைகள் லட்சத்தில் ஒருவருக்கே அமையும்.' யாரம்மா இந்தச் செல்வம்? மேடைக்கு வா!"

தேவயானி ஏறினாள். முப்பத்தாறு வயது, கொட்டகைச் சேலை, கறுத்த விரல்கள். பந்தலில் சலசலப்பு.

"நீயா? படிவத்துல பதிமூணு வயசுன்னு..." என்று காசிநாதன் திணறினார்.

"அடுத்ததையும் படிங்க வாத்தியாரே" என்றார் கீழே நின்ற சாமிக்கண்ணு.

"தேவயானி. புறா. 'எளிய வளைய ரேகைகள். எண் திறன் குறைவு. கைத்தொழில்...' இது யாரு?"

"அதுவும் நாந்தான் சார்" என்றாள் தேவயானி. "ரெண்டும் இந்தக் கைதான்." ரொம்ப நாள் கழித்து அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "மில்லு ஓனரு மவளா இருந்தா கழுகாம். கொட்டை ஒடைக்கிறவ மவளா இருந்தா புறாவாம். கை ஒண்ணுதான் சார்!"

டாக்டர் மதிவதனன் மைக்கைப் பிடுங்கினார். "அன்பர்களே, மனித மனம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ரேகையின் அதிர்வும் மாறும். இது ஆய்வில்..."

"ரேகையா?" என்றார் சாமிக்கண்ணு. "வாத்தியாரே, ஆபீசுல கைநாட்டு வாங்குற மை டப்பா இருக்கும்ல, அதை எடுத்தாங்க."

மை டப்பா வந்தது. வெள்ளைத் தாள் வந்தது. தேவயானி கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்து எடுத்தாள். குல்சும் டீச்சர் அதை வாங்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். நடுவில் ஒரு வெறும் நீலத் திட்டு. கோடும் இல்லை, சுழியும் இல்லை. பக்கத்தில் மணிவேலைக் கூப்பிட்டு அவன் விரலையும் வைக்கச் சொன்னார்கள். அதில் கோடுகள் அச்சாக விழுந்தன. ரேஷன் கடைக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் உடனே புரிந்தது. பந்தலின் பின்வரிசையில் கொட்டகைப் பெண்கள் தங்கள் விரல்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும்.

"தோலில் தெரியாது!" டாக்டர் வியர்த்தார். "எங்கள் கருவி தோலுக்கு ஏழு அடுக்குக்குக் கீழே பார்க்கும்!"

"ரொம்ப சரி. வாத்தியாரே, மூணாவது பிள்ளைய விட்டுட்டீங்களே" என்றார் சாமிக்கண்ணு.

காசிநாதன் மூன்றாவது அறிக்கையைப் பிரித்தார். "கொட்டையப்பன். கழுகு. 'தலைமைப் பண்பு மிக்கவர். கூட்டத்தில் தனித்துத் தெரிவார். தாயார்மேல் மிகுந்த பாசம். வெளிநாட்டுப் படிப்புக்கு யோகம் உண்டு.' தம்பி... எங்கப்பா?"

சாமிக்கண்ணு முந்திரிக் கொட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "இந்தா இருக்கான் தம்பி. இவனுக்கு ஏழு அடுக்குக்குக் கீழ பருப்புதான் இருக்கு டாக்டரே. நானும் பாத்திருக்கேன்."

பந்தல் வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒரு கிழவர் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். கழுகு ஒட்டிய குழந்தைகள் "கொட்டையப்பா! கொட்டையப்பா!" என்று கத்தின. மில்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தன் மகனையும் கொட்டையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிவேல் போய்ப் பச்சைத் திரையை ஒரே இழுப்பில் இழுத்தான். வீரமணி காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தான். மிஷினிலிருந்து கிளம்பிய ஒயர் லேப்டாப்புக்குப் போகவே இல்லை. நேராகக் கரண்டு பெட்டிக்குப் போனது. பச்சை விளக்கு எரிவதற்கு மட்டும். மேசைமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. குல்சும் டீச்சர் அதை மைக்கிலேயே வாசித்தார்: "கடை, மில், வெளிநாடு என்றால் கழுகு. மாதச் சம்பளம் என்றால் மயில். கூலி என்றால் புறா."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தொழிலப் பாத்துப் பட்டனை அமுக்கச் சொன்னாரு. கூலிக்காரங்ககிட்ட மேல்பயிற்சி விக்க முடியாதாம்" என்றான் வீரமணி.

எல்லாரும் டாக்டரைத் தேடினார்கள். மேடையில் அவருடைய கோட்டு மட்டும் நாற்காலியில் இருந்தது. கார் கிளம்பிய சத்தம் கேட்டது. கொட்டகைப் பெண்கள் சாலையை மறித்து நின்றார்கள். சாம்பல் கையோடு ஐம்பது பேர் நின்றால் எந்தக் காரும் நிற்கும். போலீஸ் வருகிற வரைக்கும் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். ஒரு பாட்டி மட்டும் ஜன்னலைத் தட்டி, "ஐயா, ஒங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க, ஜெயிலு யோகம் இருக்கான்னு பாப்போம்" என்றார்.

சாமிக்கண்ணு அங்கே போகவில்லை. காசிநாதன் முன்னால் போய் நின்றார்.

"திங்கக்கெழமை கடைசி நாளு."

"தெரியும் பெரியவரே..."

"தெரிஞ்சா எழுது."

இருபத்து மூன்று விண்ணப்பமும் அதே மேசையில் நிரம்பின. காசிநாதன் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். பூங்குழலி தன்னுடையதைத் தானே எழுதினாள். 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'முந்திரி உடைத்தல்' என்று எழுதிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப எம் பொண்ணு புறா இல்லையா மாமா?" என்று கேட்டாள் தேவயானி.

"ஒம் பொண்ணு பொண்ணு. போயி படிக்கச் சொல்லு. தேறுவாளான்னு எனக்குத் தெரியாது. எழுதினாத்தான் தெரியும்."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். முடியவில்லை. சாமிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பியபோது உரக்கடைக்காரர் ஓடிவந்தார். பேரனை முன்னால் தள்ளினார்.

"அண்ணே, அந்த ஆளு ஃபிராடுன்னு கண்டுபிடிச்ச ஒங்களுக்கு ஏதோ ஒரு சக்தி இருக்கு. பய கையக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, என்ன ஆவான்?"

அவர் பின்னால் அதற்குள் நான்கு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

சாமிக்கண்ணு அந்த வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். துப்பவேண்டும்போல இருந்தது, பள்ளிக்கூட வாசல் என்பதால் விழுங்கிக்கொண்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று குல்சும் டீச்சர் வந்தார். கையில் அந்த நான்கு பக்கம். சத்துணவுப் பட்டியலைக் கிழித்தெடுத்த பசை இன்னும் ஓரத்தில் இருந்தது. "இதுவும் ஆய்வுதாங்க. ஆனா ரேகை இல்ல. பிள்ளைங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு முதல்ல கேட்டுப் பாக்கணும். தெரியாத இடத்துலேருந்து தினம் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கணும். மாசாமாசம் திருப்பிக் கேட்டுப் பாத்து இடத்தை மாத்தணும். வேற ஊருல செஞ்சு பாத்திருக்காங்க, நல்லா வந்திருக்காம்."

"வந்திருக்'காம்'. நீ பாத்தியா?"

"இல்லீங்க."

"நம்ம ஊருல வருமா?"

குல்சும் கொஞ்சம் யோசித்தார். "தெரியாதுங்க. செஞ்சு பாத்தாத்தான் தெரியும். வரலைன்னா வரலைன்னு இதே மைக்குல சொல்லிடுறேன்."

சாமிக்கண்ணு அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி மாசத்துல தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்றார். "செஞ்சு பாரு. எத்தினி பேருக்கு வாய்ப்பாடு வந்துச்சு, எத்தினி பேருக்கு வரலைன்னு செவுத்துல எழுதிப் போடு. வராதவன் பேரையும் போடணும். பொங்கலுக்கு வந்து நானே ஒவ்வொருத்தனையா நிக்கவச்சுக் கேப்பேன். அது வரைக்கும் ஒன்னையும் நான் நம்பல."

"அப்ப நாங்க யாரைத்தாண்ணே நம்புறது?" என்று உரக்கடைக்காரர் பரிதாபமாகக் கேட்டார்.

"என்னைய நம்பாத, அது போதும். ஒம் பேரன் இங்கதான நிக்கிறான்? இன்னைக்கு என்ன படிச்சன்னு அவனைக் கேளு. பொறந்ததுலேருந்து ஒருநா அதைக் கேட்டிருக்கியா? மிஷினு வந்து சொல்லணுமா?"

உரக்கடைக்காரர் பேரனைப் பார்த்தார். பேரன் தாத்தாவைப் பார்த்தான். இருவருக்கும் அது புதுக் கேள்வியாக இருந்தது.

சாமிக்கண்ணு நடந்தார். பின்னால் காசிநாதனின் குரல் மெல்லத் தேறிக்கொண்டு வந்தது: "டீச்சர், இந்த முறை நல்லா இருக்கே, இதுக்கு ஒரு பேரு வைக்கணும். ஒரு பேனர் அடிச்சு, பெரிய ஆளா ஒருத்தரக் கூப்பிட்டு, ஒரு தொடக்க விழா..."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் எட்டிப் போட்டார்.